பேராயரின் காதில் சொன்னது

எங்கள் சித்தப்பாவுக்குக் குருப்பட்டம் கொடுக்கவிருந்த நேரத்தில், பாளையங்கோட்டைப் பேராலயத்தில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அந்தக் காரியத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஞாயிறு பள்ளியில் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியிருந்தேன். கடவுளின் பக்கம் என்னைவிட உறுதியாக நிற்கக்கூடிய ஆள் ராஜபாளையத்தில் கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா மில்லில் ஃபிட்டர். சித்தப்பா அவருக்குப் பதினோரு வயது இளையவர். அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அப்பாதான். வேதக் கல்லூரிப் படிப்பை முடித்த சித்தப்பா, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தார். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற சின்ன ஊர்களில் மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவது, சாவு வீட்டில் ஜெபம் பண்ணுவது எல்லாம் உபதேசியாரின் வேலை. அந்த உபதேசியார் ஐயராகப் போகிறார் என்று கடிதம் வந்த அன்று, அப்பா அதை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போய், கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களிடமும் காட்டிவிட்டு வந்தார்.

பட்டம் கொடுப்பதை உள்ளூர்க் கோவிலில் வைத்து முடித்துவிட முடியாதாம். பாளையங்கோட்டைக்குத்தான் போக வேண்டுமாம். ஏன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“மத்தக் கோவில்ல எல்லாம் ஐயருக்குத்தான் எடம். அங்கதான் பேராயருக்குன்னு ஒரு நாற்காலி கெடக்கு. அந்த நாற்காலி கெடக்கதாலதான் அதுக்குப் பேராலயம்னு பேரு” என்றார்.

ஒரு நாற்காலிக்காகவா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைப் புரிந்துகொண்டவர்போலச் சித்தப்பா மேலும் சொன்னார். வெள்ளைக்காரர்கள் கட்டியதுதான், ஆனால் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தது நம் ஆட்கள். பஞ்சம் வந்தபோது சனங்கள் கஞ்சிக்கு வந்து நின்றது அந்த மாதிரிக் கோவில்களின் வாசலில். பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாதவர்களின் பிள்ளைகள் முதன்முதலில் ‘அ’ எழுதியது அந்தச் சுவர்களின் நிழலில். இப்போதும் சுற்று வட்டாரத்தில் எந்தச் சின்னக் கோவிலுக்கு எந்த ஐயர் போகவேண்டும் என்பது அங்கிருந்துதான் முடிவாகும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்துக்குள் ஏன் போக முடியாது, கதவு பூட்டியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அங்கி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன சித்தப்பா என்னையும் அழைத்துப் போனார். கோடை விடுமுறை. கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் தையல் கடை வைத்திருந்தார். வக்கீல்களுக்குக் கறுப்புக் கவுன் தைத்துப் பேர் வாங்கியவர். வெள்ளை அங்கி அவருக்கும் அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“ரெண்டு கையையும் நல்லா ஒசத்துங்க தம்பி. வக்கீலுக்கு ஒரு கையி போதும். நீங்க ரெண்டு கையையும் தூக்கில்லா ஆசீர்வாதம் பண்ணணும். அக்குள்ல பிடிக்கப்படாது” என்றார்.

சித்தப்பா கைகளை உயர்த்தி நின்றார். கண்ணாடியில் அவரைப் பார்க்க எனக்கே வணக்கம் சொல்லத் தோன்றியது. அங்கியைப் பழுப்புத் தாளில் பொதிந்து வாங்கிக்கொண்டு, அரைக் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம்.

வழியில் ஓர் ஊரில் பஸ் நின்றுவிட்டது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பூர்வீக ஊர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருமுறைகூட எங்களை அங்கே கூட்டிப்போனதில்லை. சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்பார் அப்பா. அன்றைக்கு அங்கே தேர். ஊர்த்தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற திருப்பத்தில் தேரின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, அசைய மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் லாரிகள். “இன்னும் ஆளு வாங்கப்பா, ஆம்பளையாளு யாரு இருந்தாலும் வந்து கை வையிங்க” என்று ஒருவர் சக்கரத்தின் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இரண்டு மூன்று பேர் இறங்கிப் போனார்கள்.

சித்தப்பா ஜன்னல் வழியாகத் தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. பால்கோவாவைத் திறக்கலாமா என்று நான் இரண்டு தடவை கேட்டும் அவருக்குக் காதில் விழவில்லை. பிறகு சட்டென்று எழுந்தார்.

“வாட்டி, எறங்குவோம்.”

ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் என்னை நிறுத்தி, அங்கிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “கீழ வச்சிராத, செத்த நேரத்துல வந்துருதேன்” என்றார். செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை மடித்துவிட்டார். போய், வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார்.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. விக்கிரக வணக்கம் கூடாது என்பது இரண்டாம் கற்பனை. பத்துக் கட்டளைகளைக் கற்பனை என்றே நாங்கள் சொல்வோம், இருபது எண்ணுவதற்குள் பத்தையும் ஒப்பிப்பேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே சித்தப்பாதான். இப்போது அவர் தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நின்ற தலைப்பாகைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“ராஜபாளையம்.”

“மில்லுலயா?”

“ஆமாண்ணே, மில்லுல.”

பொய் சொல்லக்கூடாது என்பது ஒன்பதாம் கற்பனை. நான் பொட்டலத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

குரல் எழும்பியது. அத்தனை முதுகுகளும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தன. முதல் தடவை தேர் அசையவில்லை. இரண்டாம் தடவை உச்சிக் கலசம் மட்டும் ஆடியது. மூன்றாம் தடவை ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, சக்கரம் பள்ளத்தைவிட்டு ஏறி, தேர் ரோட்டின் ஓரமாக நகர்ந்து போனது. சித்தப்பா வடத்தை விடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவுக்குள் போய்விட்டார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. நான் அழத் தொடங்குகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொன்னாலும் அவரால் அந்தச் சிரிப்பை நிறுத்தியிருக்க முடியாது. யாரோ ஊற்றிக்கொடுத்த பானகத்தை எனக்கும் ஒரு டம்ளரில் வாங்கி வந்திருந்தார். நாக்கு வறண்டு போயிருந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் அவரே குடித்தார்.

அடுத்த பஸ்ஸில் ஏறியபின், “வீட்டுல சொல்லாத ஏட்டி. அண்ணன் பயந்துருவாவ” என்றார்.

கோபப்படுவாவ என்று சொல்லவேண்டியதைத் தவறுதலாகப் பயந்துருவாவ என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு வாரமும் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தாள்.

பட்டத்தன்று விடிவதற்குள் கிளம்பி, சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறினோம். தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அப்பா என் தோளைத் தட்டி, “அந்தா பாரு” என்றார். மரங்களுக்கு மேலே ஊசி மாதிரி ஒரு கோபுரம். ஆண்டாள் கோவில் கோபுரத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது மலைபோல் அகலமாக எழுந்து நிற்கும். இது அப்படியில்லை. மேலே போகப்போக மெலிந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாமல் வானத்துக்குள் போய்விட்டது. அதன் நுனியில்தான் கடவுள் இருக்கிறார், அங்கிருந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் புளியமரம் வரைக்கும் தெரியும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. 

உள்ளே நுழைந்ததும் செருப்பில்லாத காலில் தரையின் குளிர்ச்சி ஏறியது. நான் அதுவரை பார்த்த கோவில், மழை பெய்தால் ஓட்டிலிருந்து பாட்டுப் புத்தகத்தின்மேல் சொட்டுகிற எங்கள் ராஜபாளையத்துக் கோவில். இங்கே கூரை எங்கே இருக்கிறது என்று தலையை அண்ணாந்து தேட வேண்டியிருந்தது. தூண்கள் மேலே போய் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் நிறம் மாறி அம்மாவின் வெள்ளைச் சேலையில் விழுந்தது. அம்மா அதைத் தட்டிவிடப் பார்த்தாள். யாரும் யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டோம். கோவிலைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிற ஆளைக் கோயில்குட்டி என்பார்கள். அந்தக் கோயில்குட்டி நான் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்து, சுவரில் பதித்திருந்த கற்களைக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்துகள்.

“எல்லாம் கப்பல்ல வந்தவிய. காய்ச்சல்ல போனவிய, காலராவுல போனவிய. இந்தா, இது கைப்பிள்ள. எட்டு மாசம். அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து இங்க கெடக்கு பாரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கல்லுல பேரு இருக்கது இவியளுக்கு. கல்லு சுமந்தவியளுக்குப் பேரு கெடையாது. அவிய இங்க எல்லா எடத்துலயுந்தான் இருக்காவ” என்று தூணைத் தட்டிக் காட்டினார்.

நாற்காலியையும் அவர்தான் காட்டினார். பலிபீடத்துக்குப் பக்கத்தில், கறுத்த மரத்தில், உயரமான முதுகோடு இருந்தது. நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் காலியாக இருந்தபோதே அதில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் அதன்முன் தலைகுனிந்துதான் கடந்து போனார்கள்.

ஆர்கன் வாசிக்கத் தொடங்கியபோது சத்தம் காதில் கேட்பதற்கு முன்னாலேயே பெஞ்சு வழியாக என் முதுகுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்தோம். சிலுவை முன்னால் வர, பாடகர்கள் வர, பட்டம் பெறப்போகிற நான்கு பேர் வெள்ளை அங்கியில் வந்தார்கள். மூன்றாவது ஆள் சித்தப்பா. பாய் தைத்த அங்கி மற்ற மூன்றையும்விட நன்றாக இருந்தது. கடைசியில் பேராயர். வயதானவர், குள்ளமானவர். மேய்ப்பனின் கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்தார். அவர் கடந்துபோகிறபோது வரிசை வரிசையாகத் தலைகள் தாழ்ந்தது, வயல்மேல் காற்று போவதைப் போல இருந்தது.

பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் முடிந்தது. நான்கு பேரும் பேராயர்முன் நின்றார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். இவர்கள் திருப்பணிக்கு வர விரும்புகிறவர்கள், இவர்களில் எவருக்காவது பட்டம் கொடுக்கக்கூடாத தடை எதையாவது உங்களில் யாரேனும் அறிந்திருந்தால், தேவனுடைய நாமத்தில் முன்வந்து சொல்லுங்கள் என்றார்.

மேலே எங்கோ ஒரு புறா சிறகடித்தது.

அது வழக்கமாகக் கேட்கிற கேள்வி என்றோ, யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்றோ எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. அத்தனை பேரில் தடை அறிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் சித்தப்பா ஐயராக முடியாது. அப்பா எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அந்தக் கூரை இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருட்டி, பாத்ரூம் பொறவு போவலாம்.” முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சலசலப்புப் பரவியது. பேராயர் என்னைப் பார்த்துவிட்டார். யாரோ என்னை உட்காரவைக்க வேகமாக வந்தார். பேராயர் அவரைக் கையமர்த்திவிட்டு, என்னை வரும்படி விரலை அசைத்தார்.

நடுப்பாதையில் நடந்தேன். அந்தத் தூரம் ராஜபாளையத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்குமான தூரத்தைவிடப் பெரியதாக இருந்தது. சித்தப்பாவைத் தாண்டும்போது அவரைப் பார்க்கவில்லை. பேராயர் நாற்காலியில் உட்கார்ந்து, கோலைப் பக்கத்து ஐயரிடம் கொடுத்துவிட்டு, என் உயரத்துக்குக் குனிந்து காதைக் காட்டினார். அந்தக் காதில் நரைமுடி இருந்தது. அவர்மீது தலைவலித் தைலத்தின் வாசனை அடித்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“எங்க சித்தப்பா தேர் இழுத்தாவ” என்றேன். “மில்லுல வேலைன்னு பொய்யும் சொன்னாவ. பானகம் குடிச்சாவ. நான் குடிக்கல.”

அவர் முகம் மாறவில்லை. “எந்த ஊர்த் தேரும்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அது உங்க வீட்டுல யார் ஊரு?”

“அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஊரு. எனக்கு ராஜபாளையம்.”

பேராயர் கண்களை மூடிக்கொண்டார். என் சித்தப்பாவின் பாவத்துக்காக ஜெபிக்கிறார் என்று நானும் மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் இன்னும் மூடித்தான் இருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“நீ சொல்லவேண்டியதைச் சொல்லிட்ட. இனி அது என் பாரம். போய் அப்பாகிட்ட உக்காரு.”

எழுந்தார். சித்தப்பாவை ஒரு நிமிடம் நேராகப் பார்த்தார். சித்தப்பாவின் முகம் அவர் போட்டிருந்த அங்கியைவிட வெளுத்திருந்தது. பேராயர் சபையைப் பார்த்து, கோவிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில், “தடை ஒன்றும் இல்லை” என்றார். அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. சித்தப்பா முழங்காலிட்டார். பேராயர் அவர் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். மற்ற மூன்று பேருக்கு வைத்ததைவிட நெடுநேரம் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அப்பா என் பக்கமே திரும்பவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார். “என்னட்டி சொன்ன பேராயர்கிட்ட?”

சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் அப்பா போய், சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்து, கோவிலுக்குப் பின்னால் கல்லறைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். நீதி கிடைப்பதைப் பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

“ஏலே, எந்தத் தேரு?”

“நம்ம ஊருத் தேருதான்ணே.”

“ஒன்னைய யாரும் அடையாளம் கண்டிருந்தா?”

“கண்டுபிடிக்கலண்ணே. ராஜபாளையம்னேன், மில்லுன்னேன்.”

“கண்டிருந்தா கட்டிவச்சு உரிச்சிருப்பானுவ. பச்சப்புள்ளையை வேற ரோட்டுல நிறுத்திட்டுப் போயிருக்க.” அப்பாவின் குரல் நடுங்கியது. சித்தப்பா தலைகுனிந்து நின்றார். அடி விழப்போகிறது, புதுப்பட்டம் வாங்கிய ஐயரை அடிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடி விழவில்லை. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நம்ம தாத்தாவ அந்தத் தேரு ஓடுற தெருவுக்குள்ளயே விடல. நம்ம அய்யா சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ.”

தெருவில் ரோடு போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள், அதனால்தான் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் கல்லூரி விடுதிக்குப் போனேன். அறைத்தோழி ஒருத்தி எங்கள் பூர்வீக ஊரைக் கேட்டு, அதில் எந்தத் தெரு என்றும் கேட்டு, அன்று சாயங்காலமே தன் தண்ணீர்க் குடத்தை அறையின் மறுமூலைக்கு நகர்த்தி வைத்தாள். அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான், எந்தத் தெருவிலும் யாரும் ரோடு போடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. 

ஆனால் அன்றைக்குக் கல்லறைச் சுவரோரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்துக் கற்பனைகளில் இரண்டை மீறியவரை அப்பா ஏன் இன்னும் தண்டிக்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தம்பியின் பக்கம் சாய்ந்து, மிகச் சின்னக் குரலில் கேட்டார்.

“வடம் எம்புட்டுத் தண்டி இருந்துச்சுலே?”

சித்தப்பா அங்கியின் கைகளை மேலே தள்ளிவிட்டு, இரண்டு கைவிரல்களையும் சேர்த்து வட்டமாகப் பிடித்துக் காட்டினார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இல்லாத அந்த வடத்தைத் தானும் தன் இரண்டு கைகளாலும் மெல்லச் சுற்றிப் பிடித்தார். பெரியவர்கள் இரண்டு பேர், வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தண்டனைக்காகத்தான் அளவு எடுக்கிறார் என்று நினைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.